ஃபுதாரி

செக்காலை ரோட்டில்
கைப்பேசிக் கடைக்கு மேல் மாடி.
காலை ஆறரைக்குப் பாடம்.
வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு,
எல்லாம் உள்ளே பார்த்தபடி.

இக்னேஷியஸ் சார், என்னைவிட ஐந்து வயது இளையவர்,
நகோயாவில் மூன்று வருடம் கார்க் கதவுக்குப் பிடி பொருத்தியவர்,
உட்கார்ந்த எங்களை எழுப்பி விட்டார்.
"திருப்பி வையுங்க.
கிளம்பும்போது செருப்பு உங்களுக்காக நிக்கணும்,
நீங்க அதைத் தேடக் கூடாது."
அன்றைக்கு அவ்வளவுதான். எழுத்து மறுநாள்.

கா என்று ஓர் எழுத்து.
அதன் தோளில் இரண்டு புள்ளி வைத்தால் வேறு கா.
என் நோட்டில் இரண்டையும் கா என்றே எழுதிவிட்டு
எது எது என்று விழித்தேன்.
காகம், சொல்லிப் பார்த்தேன்.
முதல் எழுத்து முறைக்கிறது, அடுத்தது இளகுகிறது,
புள்ளி வைக்காமலே வாய்க்குத் தெரிந்திருக்கிறது.
நம் புள்ளி எழுத்தின் உயிரை எடுக்கும்,
அவர்கள் புள்ளி தொண்டை கொடுக்கும்
என்றேன் ஜெசிந்தாவிடம்.
"நைட் டூட்டி முடிச்சு வந்தவளுக்கு
எந்தப் புள்ளியும் வேணாம்டி, ஒரு டீ போதும்."

சொர்ணவல்லி உள்ளே போய்
சொருனபர்ரி வெளியே வந்தாள்.
ஜெசிந்தா ஜெஷிந்தாவாகி
ஓர் எழுத்துத் தேய்ந்ததோடு தப்பித்தாள்.

புத்தகத்தில் ஒரு படம்: குழி குழியாய் இரும்புக் கல்.
பணியாரம்! வகுப்பே கத்தியது.
உள்ளே ஆக்டோபஸ் என்றார் சார்.
பள்ளத்தூர் முத்தாத்தாள் புத்தகத்தை மூடினாள்,
மறுவாரம் வரவில்லை.
ஆக்டோபஸ் துரத்திவிட்டது என்று சிரித்தோம்.
பணம் புரளவில்லை என்று
பிறகு தெரிந்தது.

திங்கள் எரியும் குப்பை, வியாழன் பிளாஸ்டிக்,
பாட்டில் வேறு, மூடி வேறு, அதன் சட்டை வேறு.
மற்றவர்கள் மலைத்தார்கள்.
பஞ்சுக்கு மஞ்சள் பை, ஊசிக்கு வெள்ளை டப்பா என்று
வார்டில் கை பழகிய நாங்கள் இரண்டு பேரும்
கொட்டாவி விட்டோம்.

எண்ணுவதுதான் கஷ்டம்.
தட்டையானதற்கு ஒரு கணக்கு: அத்தங்குடிக் கல், இச்சிமாய்.
நீளமானதற்கு ஒரு கணக்கு: முருங்கைக்காய், இப்போன்.
ஆட்களில், ஒருவருக்கும் இருவருக்கும் மட்டும் தனிப்பெயர்.
ஹிதோரி. ஃபுதாரி.
மூன்றாவது ஆள் வந்ததும் அது கூட்டம்,
எல்லா எண்ணுக்கும் ஒரே வால்.

தேவகோட்டை வண்டியில் கண்டக்டர் "எத்தனை?" என்றார்.
வாய் முந்திக்கொண்டது: "ஃபுதாரி."
"அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லையேம்மா."
ஜெசிந்தா சிரித்துச் சிரித்து இரண்டு விரலைக் காட்டினாள்.
அதிலிருந்து தினமும்
எங்கள் தலையைக் கண்டதும் அவரே குரல் கொடுப்பார்:
"ஃபுதாரி, தேவகோட்டை!"
ஆட்டுக்குட்டியோடு வந்தவர்
அது எந்த ஊர் என்று பக்கத்தில் விசாரிப்பார்.

பரீட்சையில் அவள் தேறினாள்.
நான் கேட்டல் பகுதியில் நாலு மார்க்கில் நின்றேன்.
ரயில் நிலையத்தில் ஒருத்தி எதையோ தொலைத்தாள்,
குடையா, பையா,
இன்றுவரை தெரியாது.

திருச்சி விமான நிலையத்தில்
கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவள் சொன்னது
இத்தெகிமாஸு.
போய், வருகிறேன்.
இரண்டு வினை, வருவது கடைசியில்,
நம் வீட்டில் சொல்வது போலவே.
நிற்பவள் பதிலுக்குச் சொல்ல வேண்டியதும் பாடத்தில் இருந்தது,
ஏழாம் பக்கம், கட்டம் போட்டு.
எனக்கு நாக்கு எழவில்லை.
"நேரத்துக்குச் சாப்புடு" என்றேன்.

திங்கட்கிழமை மாடி வாசலில் நாலு ஜோடி.
எல்லாம் தெருவைப் பார்த்தபடி.

வண்டியில் அவர் இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டே வந்தார்.
"ஃபுதாரி?"
"ஹிதோரி."
விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.
அப்புறம் ஒன்று மடங்கியது.
ஒரே ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
அடுத்த ஸீட்டுக்குப் போனார்.

கேட்டல் பகுதியில்
அவருக்கு முழு மார்க்.